கை தரும் மருந்து: எவ்வளவு அழுத்தம்? எவ்வளவு நேரம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "ஏதாவது புது விஷயமா பேசுப்பா" என்றார். லேசர், அதிர்வலை, ரோபோ என்று புதுசாகப் பேச என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கிறார்கள். நான் பழைய விஷயம் ஒன்றைத்தான் பேசப் போகிறேன். மாணவப் பருவத்தில் படித்து, பரீட்சை எழுதி, அதோடு மறந்துவிடுகிற விஷயம். அதுதான் மசாஜ். அதிலும் இரண்டே கேள்விகள். எவ்வளவு அழுத்துவது? எவ்வளவு நேரம் செய்வது?

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று கடைசி வரிசையில் ஒரு தம்பி சிரிக்கிறார். சிரிங்க தம்பி, தப்பில்லை. நானும் அப்படிச் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்பு நின்ற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1997-ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊர், மருத்துவமனைப் பெயர் வேண்டாம். அறுபது வயதை நெருங்கிய ஓர் அம்மா, தோள்பட்டையிலும் மேல் முதுகிலும் வலி என்று மகளோடு வந்தார். படுக்க வைத்து உள்ளங்கையால் மெதுவாக நீவ ஆரம்பித்தேன். "என்ன தம்பி, பூ பறிக்கிற மாதிரி தொடுறே? நல்லா அழுத்திப் பிடிப்பா. எங்க ஊருல பிடிச்சா எலும்பு வரைக்கும் போகும்" என்றார். எனக்கு இருபத்து மூன்று வயது. கையில் பலம், மனசில் ரோஷம். கட்டை விரலை வைத்து அழுத்தினேன். போதாது என்றார். முழங்கையை வைத்தேன். "ஆங்... இப்பத்தான் சரி" என்றார். இருபது நிமிடம் போட்டுத் தள்ளினேன். எழுந்து உட்கார்ந்தவர் என் தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் மகள் அழைத்து வந்தார். முதுகின் மேற்பகுதி முழுக்கக் கத்திரிக்காய் நிறம். தோள்பட்டை எலும்புக்குப் பக்கத்தில் கையளவுக்கு ரத்தம் கட்டி வீங்கியிருந்தது. அந்த அம்மாவுக்குச் சில வருஷம் முன்பு இதய வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். மருந்துச் சீட்டு அவருடைய மஞ்சள் பையில் இருந்தது. அந்தப் பை முந்தின நாள் பூராவும் என் கட்டிலின் கால்மாட்டிலேயேதான் கிடந்தது. நான் கேட்கவில்லை.

மூன்று நாள் வார்டில் வைத்திருந்து, ரத்தப் பரிசோதனை செய்து, மருந்தின் அளவைச் சரிசெய்து அனுப்பினார்கள். நல்லவேளை, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. பெரிய டாக்டர் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பிடித்துக்கொண்டார். அப்போது அந்த அம்மா சொன்ன வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது. "அந்தப் பிள்ளையத் திட்டாதீங்க சார். நாந்தான் அழுத்தச் சொன்னேன்."

டாக்டர் திட்டியதைவிட இதுதான் எனக்கு வலித்தது. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. அவர் கேட்டார், நான் கொடுத்தேன். மருந்துக் கடையில் வந்து "ஒண்ணு போதாது, பத்து மாத்திரை குடுங்க, இப்பவே முழுங்கறேன்" என்று கேட்டால் கொடுப்பார்களா? கையால் கொடுக்கும் மருந்துக்கு மட்டும் ஏன் கேட்ட அளவு கொடுக்கிறோம்? அது மருந்துதான் என்பதை நாமே நம்பாததால் கொடுக்கிறோம். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அழுத்தமும் நேரமும் மருந்தின் அளவு. அளவைத் தீர்மானிப்பது நோயாளியின் உடம்பு. அவருடைய ஆசையும் இல்லை, நம்முடைய ரோஷமும் இல்லை.

நம் தமிழில் 'மாத்திரை' என்ற சொல்லைப் பாருங்கள். மாத்திரை என்றால் அளவு. இலக்கண வகுப்பில் அது நேரத்தின் அளவு: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. வைத்தியத்தில் அது மருந்தின் அளவு. வர்ம மருத்துவத்தில் அது அழுத்தத்தின் அளவு. வர்ம ஆசான்கள் விரலை வைக்கும்போது கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை, ஒரு மாத்திரை என்று கணக்குச் சொல்வார்கள். நேரம், மருந்து, அழுத்தம் மூன்றுக்கும் ஒரே சொல். நமக்கு வேண்டிய பாடம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்பது புறமருத்துவ முறைகளில் ஒன்று. அதில் ஒன்பது வகை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், இழுத்தல், அசைத்தல் என்று போகிற வரிசையில் அழுத்தலும் ஒன்று. கவனியுங்கள், ஒன்பதில் ஒன்றுதான் அழுத்தல். மேல்நாட்டுப் பாடமும் இதையேதான் சொல்கிறது. கெர்ட்ரூட் பியர்டும் எலிசபெத் வுட்டும் 1964-ல் எழுதிய மசாஜ் நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடப் புத்தகம். கையின் திசை, அழுத்தம், வேகம், தாளம், நேரம், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தீர்மானிக்கச் சொன்னார்கள். நாமோ எல்லாவற்றையும் விட்டுவிட்டு 'லேசா, ஸ்ட்ராங்கா' என்று டீ போடுகிற மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, அழுத்தத்துக்கு வருவோம். அழுத்தம் என்பது பலம் மட்டும் அல்ல. பலத்தைப் பரப்பால் வகுத்தால் வருவது. பள்ளிக்கூடக் கணக்குதான். உங்கள் உள்ளங்கையின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5 கிலோ எடையைச் சாய்த்தால் சதுர சென்டிமீட்டருக்கு 50 கிராம். அதே 5 கிலோவைக் கட்டை விரல் நுனியில், 4 சதுர சென்டிமீட்டரில் சாய்த்தால் 1250 கிராம். இருபத்தைந்து மடங்கு! நீங்கள் கூடுதலாகப் பலம் எதுவும் போடவில்லை, கையை மட்டும்தான் மாற்றினீர்கள். முழங்கை முனையும் இதே கதைதான். அன்றைக்கு அந்த அம்மாவின் முதுகில் நான் செய்தது இந்தக் கணக்கு தெரியாத வேலை.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். எடை பார்க்கும் மெஷினைக் கட்டிலின் மேல் வையுங்கள். உள்ளங்கையால் அழுத்தி 2 கிலோ, 5 கிலோ, 10 கிலோ என்று முள்ளைப் பார்த்துப் பழகுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நண்பன் சொல்லும் எடையைக் கொண்டுவரப் பாருங்கள். முதல் நாள் எல்லோரும் தோற்போம். ஒரு மாசத்தில் கைக்குத் தராசு வந்துவிடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு 'மெதுவாகச் செய்வதே நல்லது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதுவும் தப்புதான். அமெரிக்காவின் மயாமியில் டிபனி பீல்டு என்ற ஆய்வாளர் 1986-ல் குறைப்பிரசவக் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். தினமும் மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம், பத்து நாள் நீவியும் கைகாலை அசைத்தும் விட்ட குழந்தைகள், மற்றக் குழந்தைகளைவிட நாளொன்றுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறின. பிற்காலத்தில் அதே குழுவினர் லேசான தொடுதலையும் மிதமான அழுத்தத்தையும் ஒப்பிட்டார்கள். மிதமான அழுத்தம் பெற்ற குழந்தைகளே நன்றாக எடை ஏறின. ரொம்ப லேசாகத் தொட்டால் கூச்சம்தான் வரும், உடம்பு அடங்காது. பேரப்பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிய பாட்டிமார்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

இதற்கு நேர் எதிர், நிணநீர் வீக்கம். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்கி வருகிற பெண்களை எல்லோரும் பார்த்திருப்போம். வீட்டில் உள்ளவர்கள் பாசத்தோடு இறுக்கிப் பிழிந்து விடுவார்கள். நிணநீரை முதலில் வாங்கிக்கொள்ளும் நுண்குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே, மெல்லிசாக இருக்கின்றன. அவற்றை அழுத்தி மூடிவிட்டால் நீர் எப்படிப் போகும்? 1930-களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வாட்டரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் உருவாக்கிய நிணநீர் வடிப்பு முறையில், தோலை மெதுவாக இழுத்து விடுகிற அளவுதான் அழுத்தம். குழந்தைக்கு ஓர் அளவு, வீங்கிய கைக்கு ஓர் அளவு. கை ஒன்றுதான், மாத்திரை வேறு.

தசை முடிச்சுகள் விஷயத்திலும் பெரியவர்களே தங்கள் கருத்தைத் திருத்திக்கொண்டார்கள். ஜேனட் டிராவெல், டேவிட் சைமன்ஸ் இருவரின் நூல் 1983-ல் வந்தபோது, ரத்த ஓட்டம் தடைப்படும் அளவுக்கு அழுத்திப் பிடிக்கும் முறையைச் சொன்னது. 1999-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை மாற்றினார்கள். விரலுக்கு முதல் தடை தட்டுப்படுகிற இடத்தில் நின்று, தசை தானாக இளகும்வரை காத்திருங்கள், பிறகு பின்தொடருங்கள் என்றார்கள். என் அனுபவத்தில் அரை நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷத்தில் தசை வழிவிட்டுவிடும். வழிவிடாத தசையோடு மல்லுக்கட்டினால் தசை இன்னும் இறுகும். கதவு திறக்கவில்லை என்றால் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும், உடைக்கக்கூடாது.

அளவு மீறிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நோயாளியின் வாயை நம்பாதீர்கள், உடம்பைப் பாருங்கள். மூச்சை அடக்குகிறாரா? கால் விரலை மடக்குகிறாரா? முஷ்டி இறுகுகிறதா? புருவம் சுருங்குகிறதா? "பரவாயில்ல, செய்ங்க" என்று வாய் சொல்லும். கால் கட்டைவிரல் உண்மையைச் சொல்லும். 'வலிச்சாத்தான் வேலை செய்யும்' என்பது நம் ஊர் நம்பிக்கை. வலித்தால் தசை தற்காப்புக்காக இறுகும் என்பதுதான் உடம்பின் வழக்கம். முரட்டுத்தனமாக அழுத்தித் தசைநார் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதித்த நிகழ்வுகள்கூட மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

இனி நேரம். ஆஸ்பத்திரியில் ஒரே காலையில் நாற்பது பேரைப் பார்க்கிற நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். தலைக்கு ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிசு. ஆய்வுகள் சொல்வதைக் கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். இருந்தாலும் சொல்கிறேன். நீண்ட நாள் கழுத்து வலி உள்ள 228 பேரை வைத்து அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. நான்கு வாரச் சிகிச்சை. வாரம் இரண்டு, மூன்று தடவை 30 நிமிடம் பெற்றவர்கள், சிகிச்சையே பெறாமல் காத்திருந்தவர்களைவிடச் சொல்லும்படியாக முன்னேறவில்லை. வாரம் இரண்டு, மூன்று தடவை 60 நிமிடம் பெற்றவர்களுக்குத்தான் நல்ல பலன்.

அப்படியானால் நேரம் கூடக்கூட நல்லதா? அதுவும் இல்லை. மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலி உள்ள 125 பேரை வைத்து ஆடம் பெர்ல்மன் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் நான்கு வித அளவுகளை எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வாரம் ஒரு முறை 60 நிமிடம் என்பதே போதுமான அளவு என்று முடிவுக்கு வந்தார்கள். அதற்கு மேல் கொடுத்ததால் கூடுதல் லாபம் பெரிதாக இல்லை. அதே குழு 2019-ல் 222 பேரை வைத்துச் செய்த அடுத்த ஆய்வில், எட்டு வார முடிவில் மசாஜ் பெற்றவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஓராண்டு முடிவிலோ, மசாஜ் பெற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? கை வலியைத் தணித்து ஒரு வாசலைத் திறந்து கொடுக்கிறது. அந்த வாசல் வழியாக நோயாளி தானே நடக்க வேண்டும். வலி குறைந்திருக்கும் அந்த நேரத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்காமல் அனுப்பினால், ஒரு மணி நேரம் உழைத்தும் பாதி வேலைதான் செய்தோம். நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது, எல்லோருக்கும் ஐந்து நிமிடம் நீவி அனுப்புவதைவிட, யாருக்கு மசாஜ் அவசியம், யாருக்குப் பயிற்சியே போதும் என்று பிரித்து, அவசியமானவருக்கு முழு நேரம் கொடுப்பது நேர்மையான வழி என்பது என் கருத்து.

புது நோயாளிக்கு என் வழக்கம் இது. முதல் நாள் பாதி அளவு. ஒரு பகுதிக்குப் பத்து நிமிடம், மிதமான அழுத்தம். மறுநாள் "ராத்திரி எப்படி இருந்தது?" என்று கேட்பேன். ஒரு நாள் லேசான நோவு இருந்து மறைந்தால் அளவு சரி. இரண்டு நாளுக்கு மேல் நோவு இருந்தாலோ, தோலில் நிறம் மாறினாலோ, அளவு மீறியது நான்தான்.

சில இடங்களில் சரியான அளவு பூஜ்யம். அதற்காகக் கையை வைக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்காமல் இருக்காதீர்கள்.

முதல் கேள்வி: "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தா, நீண்ட நாள் ஸ்டீராய்டா, எலும்பு மெலிவுக்கு மருந்தா? சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். மஞ்சள் பையைத் திறக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி: "இங்க தொட்டா தெரியுதா?" பல வருஷம் சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். அவர் 'வலிக்கலை' என்று சொல்வதை வைத்து அழுத்தத்தை அளக்க முடியாது.

மூன்றாவது கேள்வி: "இது எப்ப, எப்படி வீங்கிச்சு?" அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ, பல நாள் படுக்கையில் இருந்த பிறகோ, நீண்ட பயணத்துக்குப் பிறகோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் தொடாதீர்கள். ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளலாம். உடனே டாக்டரிடம் அனுப்புங்கள். அதேபோல முழங்கையில் அடிபட்ட குழந்தைகள். எங்கள் தெருப் பையன் ஒருவன் மரத்திலிருந்து விழுந்து முழங்கை பிசகி, கட்டுப் பிரித்ததும் வீட்டில் தினமும் எண்ணெய் போட்டு அழுத்தி நீவி, இழுத்து மடக்கினார்கள். காயம்பட்ட தசைக்குள்ளேயே எலும்பு படிந்துவிட்டது. அந்தக் கை முழுதாக மடங்காமலே போனது. இன்றும் அவன் இடது கையால்தான் சாப்பிடுகிறான். அவன் அம்மா செய்தது அத்தனையும் பாசத்தால் செய்தது. பாசத்துக்கும் அளவு தெரிய வேண்டியிருக்கிறதே!

கடைசியாக நம் கைகளைப் பற்றி. என் வகுப்பு நண்பர்கள் பலருக்குக் கட்டை விரல் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. விரல் பலத்தால் அழுத்தாதீர்கள். கட்டிலைத் தாழ்த்தி, முழங்கையை நேராக வைத்து, உடம்பின் எடையைச் சாய்த்து அழுத்துங்கள். இந்தக் கை இன்னும் முப்பது வருஷம் வேலை செய்ய வேண்டிய கை.

அந்த அம்மா பிறகு என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ரத்தக்கட்டு முழுதும் ஆறி, டாக்டர் அனுமதித்த பிறகு, மறுபடி என்னிடமே வந்தார். எனக்குக் கை நடுங்கியது. உள்ளங்கையை மட்டும் வைத்து, மெதுவாக, கால் மணி நேரம் நீவினேன். தோளுக்கு இரண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். போகும்போது, "இது போதும் தம்பி. நான் கேட்டாலும் இதுக்கு மேல குடுக்காதே" என்றார். இரண்டு வருஷம் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் கட்டிலில் உட்காருவதற்கு முன், நான் கேட்காமலே மஞ்சள் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டிவிடுவார்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களிடம் ஒருவர் வந்து "நல்லா அழுத்திப் பிடிங்க" என்று சொல்வார். கட்டாயம் சொல்வார். அப்போது சிரித்துக்கொண்டே சீட்டைக் கேளுங்கள்.